தண்ணீர் தெரிந்த பக்கம்

கிண்ணியா
02.05.2024, வியாழன்

அன்புள்ள உம்மு குல்சுமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியை எழுதிவிட்டு, அது பொய்யா மெய்யா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிரஷர் குளிசை தவறாமல் போடுகிறேன். மற்றதை மெல்ல மெல்ல எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வாசி.

தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிசனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நீ சிரிப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை, குல்சும். ஷிஃபானா போனைப் பிடித்திருப்பாள். மருமகன் பின்னால் சலாம் சொல்லிக்கொண்டு போவார். சாப்பிட்டீங்களா மச்சான் என்று நீ கேட்பாய், ஓம் என்பேன். என்ன கறி என்பாய், மீன் என்பேன். அதற்குள் பேரன் போனை நக்கத் தொடங்கிவிடுவான். பதினெட்டு மாதமாக நாம் மீனைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

இந்த உறைக்குள் இந்தக் கடிதத்தோடு ஷிஃபானா கேட்ட கடுதாசிகளும் இருக்கின்றன. நம் கலியாணப் பதிவின் பிரதி ஒன்று. நீ அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்து வைக்க வேண்டிய தாள் ஒன்று. மருமகனின் காக்கா, மூத்தவர் இன்பாஸ், ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னுக்கு விமானம் ஏறுகிறார். உறையை உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், மகளின் கையில் கொடுக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். ஓம் மாமா, ஓம் மாமா என்றார். மூன்றாவது ஓம் கொஞ்சம் எரிச்சலோடு வந்தது. பரவாயில்லை.

பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று போனாய். பிறகு பேரன் தவழட்டும் என்றாய். பிறகு நடக்கட்டும் என்றாய். நோன்புப் பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்றாய். பெருநாள் போய் மூன்று கிழமை ஆகிறது. இப்போது ஷிஃபானாவுக்கு இரண்டாவது பிள்ளை தங்கியிருக்கிறது என்று இன்பாஸ் வாயால்தான் கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம். சந்தோஷம்தான்.

வாப்பாவையும் பிறகு கூப்பிட்டு எடுப்போம் என்று ஷிஃபானா சொல்கிறாள். அவளில் குறை இல்லை. இந்தப் ‘பிறகு’ என்ற சொல்லை இந்த வீட்டில் பழக்கியவனே நான்தான். அது எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. அந்தக் கதையைக் கேள்.

கலியாணப் பதிவைத் தேடி உன் அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் இல்லை. இழுப்பறையில் உன் அடையாள அட்டை, ஷிஃபானாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், உன் உம்மாவின் தஸ்பீஹ் எல்லாம் இருந்தன, பதிவு இல்லை. கடைசியில் உன் கலியாணச் சேலைக்கு அடியில் பார்த்தேன். அங்கே பதிவும் இருந்தது, வாய் தைத்த ஒரு தலையணை உறையும் இருந்தது. நூலை வெட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். உள்ளே என் கடிதங்கள். தம்மாம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய பதினொரு வருடமும் நான் உனக்கு எழுதியவை, வருட வாரியாக, நூல் கட்டி.

விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே சலித்தது. எவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறேன் உனக்கு! கிணற்றுக்கு மூடி போடு, பிள்ளையைத் தனியே கடைக்கு அனுப்பாதே, வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் படு. சத்தத்துக்குள் இருந்தவள் நீ. கடலுக்கு அப்பால் இருந்து புத்தி சொன்னவன் நான்.

அந்தக் கடிதங்களில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருகிறது. 1992இல் முதல் தடவை. வருகிற லீவுக்கு உன்னை சீகிரியா மலைக்கும் கண்டிக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து ட்ரிப்புக்கு உன் வாப்பா விடவில்லை, வகுப்பில் எல்லாரும் போய் வந்து கதை சொன்னபோது நீ மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று கலியாணமான புதிதில் எனக்குச் சொன்னாயே, அதற்காக. அடுத்த வருடம் எழுதுகிறேன், இந்த முறை முடியவில்லை, பிறகு கட்டாயம் போவோம் என்று. அதற்கடுத்த வருடமும் அதுவே. 98க்குப் பின் அந்த வசனம் இல்லை. நீ கேட்பதை விட்டிருக்கிறாய். எந்தக் கடிதத்தில் விட்டாய், எப்படி விட்டாய் என்று பார்க்க உன் கடிதங்கள் என்னிடம் இல்லை.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாதது. உன் கடிதங்கள் வரும் வழியில் தொலைந்துவிட்டன என்று சொன்னேன் அல்லவா? தொலையவில்லை. கடைசியாக வரும்போது பெட்டியின் நிறை கூடிவிட்டது. புலிப் படம் போட்ட அந்தக் கம்பளிப் போர்வையை எடுப்பதா, உன் கடிதங்களை எடுப்பதா என்று வந்தது. கடிதம் எழுதியவளிடம்தானே போகிறேன், பிறகு கடிதம் எதற்கு என்று நினைத்து அவற்றை அங்கேயே கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தேன். கிண்ணியா வெக்கையில் அந்தப் போர்வையை நாம் எத்தனை நாள் போர்த்தியிருப்போம்? என்னைப் போல் ஒரு மடையன் இந்தக் குடாவைச் சுற்றி வேறு இருக்க மாட்டான்.

திரும்பி வந்து நான் இங்கே வேலை செய்த துறைமுகத்தில் இளைப்பாறியவர்களின் ட்ரிப் ஒன்று போகிறது என்று தை மாதமே பாயிஸ் சொல்லியிருந்தார். சம்பளப் பட்டியல் போடுகிற கந்தோரில் இருந்த பாயிஸ்தான், இப்போதும் பட்டியல் எழுதாமல் அவருக்கு இருக்க ஏலாது. சீகிரியா, கண்டி, இரண்டு நாள். நீ பெருநாளுக்கு வந்துவிடுவாய் என்ற நினைப்பில் நம் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்திருந்தேன். பெருநாள் போன பிறகு, என் பெயரையும் வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். கடிதங்களை வாசித்த பிறகு சொல்லவில்லை. உன் பெயரையும் வெட்டச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் பாலத்தடியில் பஸ் ஏறினேன். எல்லாரும் சோடி சோடியாக வந்திருந்தார்கள். உன்னை ஜன்னல் ஓரம் விட்டு நான் நடைப்பக்கம் இருந்தேன். அதாவது, ஜன்னல் ஓரம் வெறுமையாக இருந்தது. கந்தளாய் வருவதற்குள் அங்கே தண்ணீர்ப் போத்தல் கட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், தங்கரத்தினம் அக்காவின் கைப்பை எல்லாம் வந்து குந்திவிட்டன. தங்கரத்தினம் அக்கா யாரென்று நினைவிருக்கிறதா? நான் படகில் இருந்த காலத்தில் துறைமுகச் சிக்னல் மேடையில் இருந்த பிரகலாதனின் மனைவி. ஷிஃபானாவின் கலியாணத்துக்கு ஒரு பெரிய குத்துவிளக்கைக் கொண்டுவந்து, முஸ்லிம் வீட்டில் இதை எங்கே வைப்பது என்று நம்மை முழிக்க வைத்தவர். அவர்தான் கேட்டார், தம்பி ஏன் அந்தக் கரையில போய் இருக்கலாமே, காத்து வருமே என்று. பரவாயில்லை அக்கா என்றேன்.

சீகிரியாவில் நுழைகிற இடத்தில் இரண்டு வரிசை. நம் நாட்டவர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவர்களுக்கு ஒன்று. நம் வரிசையில் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று பாயிஸ் எல்லாரிடமும் சேர்த்து வாங்கினார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தலைகளை எண்ணிப் பார்த்தார், அட்டைகளை எண்ணிப் பார்த்தார், பிறகு ஒன்றை என் கையில் திருப்பி வைத்தார். உன்னுடையது. ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று கேட்காதே. அலுமாரிக்குள் தனியே கிடக்கிறதே என்று எடுத்தேன்.

மற்ற வரிசையில் நம் நிறத்தில், நம் முகத்தில் ஒரு குடும்பம் நின்றது. தமிழ்தான் கதைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். கையில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட். பிறந்தது எந்த ஊரோ, மூதூரோ நிலாவெளியோ. கயிறு கட்டி நடுவில் பிரித்திருந்தார்கள். நான் அவவையே பார்த்துக்கொண்டு நின்றதில் பின்னால் வந்தவர் என் குதிக்காலை மிதித்துவிட்டார்.

மலை ஏறுவது பற்றி என்ன சொல்ல? ஆளுயர அலையில் பைலட் லாஞ்சுப் படகைக் கொண்டுபோய்க் கப்பலின் விலாவில் அணைத்தவன் நான். அந்த இரும்புப் படிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். குளவி இருக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று அறிவிப்பு வேறு. சத்தம் போட யாருக்கு மூச்சு இருந்தது?

பாதி வழியில் பாறைக் குகையில் அந்தப் பெண்களின் ஓவியங்கள். பூவைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் இடுப்பளவு மறைந்து நிற்கிறார்கள். கீழே நீளமாக ஒரு சுவர். ஒரு காலத்தில் முகம் தெரியுமளவுக்கு மினுக்கி வைத்திருந்ததாம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மலை பார்க்க வந்தவர்கள் அதில் கவி கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். வழிகாட்டி சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைத்தார். கனபேருக்கு ஒரே முறைப்பாடுதானாம். இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு ஏறி வந்தோம், இந்தப் பொம்பிளையள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் பேசினார்களோ என்னவோ, கேட்டவன் அதைக் கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

உச்சியில் மாளிகை ஒன்றும் இல்லை, குல்சும். செங்கல் அத்திவாரம் மட்டும் மிச்சம். தகப்பனைக் கொன்ற ஒரு அரசன் பயத்தில் மேலே ஏறி இதைக் கட்டிக்கொண்டு இருந்தானாம். இது படுக்கை அறை, இது மண்டபம் என்று ஆட்கள் ஊகம் சொல்கிறார்கள். நாலு பக்கமும் காடு, காற்று. அவ்வளவு உயரத்தில் இருந்தால் வருகிற எவரையும் காணலாம். ஆனால் வருகிறவர் இருக்க வேண்டுமே.

இங்கேதான் நடந்தது. ளுஹர் நேரம் வந்துவிட்டது. கீழே போய்த் தொழுவோம் காக்கா என்று பாயிஸ் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு செங்கல் சுவரின் மறைவில் துவாயை விரித்தேன், போத்தல் தண்ணீரில் கைகால் முகம் கழுவி வுளூ எடுத்தேன். சூரியன் உச்சந்தலைக்கு நேரே நின்றது. நிழல் காலடியில் கிடந்ததால் அது எனக்கு ஒரு திசையும் சொல்லவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். மழை இருட்டில் துறைமுக வாசலைத் தவறவிடாத சுக்கான்காரன் ஸெய்னுதீன் திசை கேட்பானா? தூரத்தில் ஒரு குளம் பளபளவென்று தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன்.

ஏன் அப்படித் திரும்பினேன் என்று இப்போது விளங்குகிறது. முப்பத்தொன்பது வருடமாக உன் வீட்டு விறாந்தையில் தொழ நின்றால் முன்னால் தம்பலகாமக் குடாத் தண்ணீர். துறைமுக ஜெட்டியில் நின்றாலும் முன்னால் தண்ணீர்தான். தண்ணீரைக் கண்டதும் கால் தானாகத் திரும்பிவிட்டது. நெஞ்சும் அது சரியென்று சொல்லிவிட்டது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால் பிரகலாதன் ஒரு கல்லில் குந்தியிருக்கிறார். என்ன ஐசே, பதினாறு வருஷம் சிக்னல் மேடையில இருந்து நீர் தொழுறதைப் பாத்தனான், ஒருநாளும் இந்தப் பக்கம் குனிஞ்சு நான் காணேல்லையே என்றார். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டாராம், தொழுகைக்கு நடுவில் சொன்னால் குழம்பிவிடும் என்று முடியும்வரை பொறுத்திருந்தாராம். போனில் திசைகாட்டியைத் திறந்து காட்டினார். தொழ வேண்டிய கிப்லாத் திசைக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டிக்கொண்டு தொழுதிருக்கிறேன். அவருக்கு என்னைக் கேலி பண்ண ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. இது தென்கிழக்கு ஐசே, இந்தக் கோட்டில கடலுக்குள்ள விட்டால் இடையில ஒரு நிலமும் இல்லை, நேரே அவுஸ்திரேலியாதான் என்று சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

அஸ்தஃபிருல்லாஹ் சொல்லி, சரியான பக்கம் திரும்பி மறுபடி தொழுதேன். தெரியாமல் செய்ததை அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். முதல் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது, உன்னைத் திருப்பி அனுப்பித் தா என்று கேட்டேன். இரண்டாவது தொழுகையில் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஷிஃபானாவின் பிரசவம் லேசாக வேண்டும், பேரன் நல்லவனாக வளர வேண்டும் என்று கேட்டேன். இரண்டில் எது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு

நேற்று அந்த இடத்தோடு பேனையை வைத்துவிட்டேன். இன்று வீட்டுச் செய்தி முதலில். கிணற்று மோட்டர் திரும்பவும் பழுது. உன் மூன்று கோழிகளில் சிவப்பு அடைகாக்கிறது, கிட்டப் போனால் கொத்துகிறது. கறிவேப்பிலை நன்றாக இருக்கிறது. மல்லிகைப் பந்தலில் ஒரு பக்கம் கறையான், மருந்து அடித்தேன். உன் தம்பி சஜீத் வெள்ளிக்கிழமைகளில் சோறு அனுப்புகிறான். பள்ளிவாசலில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், மனிசி எப்ப வாறா என்று. முன்பு இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் என்பேன். இப்போது இன்ஷா அல்லாஹ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிக் கண்டி. பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. மலைகளுக்கு நடுவில் கிண்ணத்தில் வைத்தது போல நகரம், நடுவில் வாவி. கடைசி அரசன் வெட்டுவித்ததாம். பழைய கட்டடங்கள், பெரிய மரங்கள், பஸ் புகை, சனம். நீ இருந்தால் கடைத்தெருவை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். மற்றவர்கள் தலதா மாளிகை விகாரை பார்க்கப் போனார்கள். நான் வாவிக்கரை மதிலோரம் நடந்தேன். ஒரு சுற்றுச் சுற்றி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தனியே நடக்கிறவனை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிண்ணியாவில் நாலு பேர் சலாம் சொல்லி மறிப்பார்கள். பள்ளிவாசலைத் தேடிப் போய் மஃரிப் தொழுதேன். பள்ளிக்குள் நின்றுகொண்டே, கிப்லா இந்தப் பக்கம்தானே என்று ஒருவரிடம் கேட்டேன். முன்னால் இருந்த மிம்பர் மேடையைக் கையால் காட்டிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பாயிஸ் நமக்கு இரண்டு பேருக்கான அறையைப் போட்டிருந்தார். மாற்றித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். அந்தப் புலிப் போர்வையைக் கொண்டுபோயிருந்தேன். முதன்முதலாக அதற்கு ஒரு வேலை வந்தது. அதற்குள்ளும் எனக்குக் காது விறைத்தது. கண்டிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் மெல்பேர்ன்காரர் சிரிப்பார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது குளிர்காலம் உனக்கு வருகிறது. உனக்குக் குளிருகிறதா, காலில் அந்த வாதம் தெரிகிறதா, தொழ எழும்பும்போது தண்ணீர் சுடவைத்துத் தருகிறார்களா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. தம்மாமில் வெயில் எப்படி என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாய். அது ஒன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பதிலில் கூரை ஓட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு காலை வாவிக்கரையில் படம் எடுத்தார்கள். தங்கரத்தினம் அக்கா என்னையும் பிடித்து நிறுத்தினார். எடுத்த பிறகுதான் பார்க்கிறேன், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கிறேன். படத்தை உறைக்குள் வைத்திருக்கிறேன். எடுத்தவரில் பிழை இல்லை.

எனக்குத் தனிமையாக இருக்கிறது, குல்சும். இதை இந்த வயதில் எழுத வெட்கம், என்றாலும் எழுதிவிட்டேன். சமைக்கத் தெரியும், உடுப்புத் துவைக்கத் தெரியும், அதனால் யாருக்கும் சொல்ல ஒரு முறைப்பாடு இல்லை. குசினியில் ஏதாவது சரிந்து விழுந்தால் அங்கே யார் என்று கேட்டுவிடுகிறேன். பிறகு நானே போய் எடுத்து வைக்கிறேன்.

தாளில் கையெழுத்து வைத்துவிட்டேன். ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான், தெளிவாக வைத்திருக்கிறேன், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பதினொரு வருடம் நான் போய் இருந்தபோது, உனக்கு ஆட்சேபணை உண்டா என்று உன்னிடம் யாரும் ஒரு தாளிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாய். உன்னை மறிக்க எனக்கு வாய் இல்லை. மகளுக்கு இந்த நேரத்தில் தாய் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இந்தத் தாளை ஷிஃபானாவிடம் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் உன் கையில். அதற்காகத்தான் உறையை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்றுதான். ட்ரிப் முடிந்து ஞாயிறு பின்னேரம் பாலத்தடியில் இறங்கி நடந்து வந்தேன். சீகிரியாச் செம்மண் இன்னும் காலில் இருந்தது. படலையைத் திறந்து, பக்கத்துக் குழாயில் காலைக் கழுவக் குனிந்தேன். குனிந்தபடியே நின்றுவிட்டேன்.

அந்த இடம்தான், குல்சும். நம் கலியாணத்தன்று என்னைக் கூட்டிவந்து நிறுத்திய இடம். சஜீத் அப்போது சின்னப் பொடியன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினான், பாதி என் சாரத்தில். நான் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். நீ உள்ளே இருந்தாய். அன்றிலிருந்து இது உன் சீதன வீடு, நான் இங்கே வந்த மாப்பிள்ளை. தம்மாமிலிருந்து எத்தனை தடவை வந்தேன், அந்தப் படலையில் நீ ஒரு செம்புத் தண்ணீரோடு நிற்காமல் நான் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை.

அல்லாஹ் உன்னைக் குளிரிலும் நோயிலும் காப்பாற்றட்டும். ஷிஃபானாவுக்கு லேசான பிரசவத்தைக் கொடுக்கட்டும். பேரனுக்கு என் முத்தம். மருமகனுக்கு என் சலாம். உன் அடையாள அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒரு மாப்பிள்ளை தன் காலைத் தானே கழுவிக்கொண்டு உள்ளே போகிற வழக்கம் நம் ஊரில் இல்லை, குல்சும். நான் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனேன்.

உன் மச்சான்,
ஸெய்னுதீன்